இருபத்தேழாம் இடம், முழு உபசாரத்துடன்

மேகங்கள் வந்து உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போகும் உயரத்தில் ஒரு காடு இருந்தது. அந்தக் காட்டின் உச்சியில் நீலச்சரிவு என்று ஒரு மலைச்சரிவு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரே ஒரு விடியலில் அங்கே குறிஞ்சி மொத்தமும் பூக்கும். முதல் நாள் மாலைவரை பச்சையாக இருந்த மலை, மறுநாள் பொழுது விடியும்போது நீலமாகிவிடும்.

பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஒருமுறை காடே திரண்டு வந்ததில் பாதிப் பூ மிதிபட்டுப் போயிற்று. அதனால் ஒரு விதி போட்டார்கள். சரிவின் ஓரத்தில் கூழாங்கற்களை அடுக்கி நாற்பது வட்டங்கள் அமைத்தார்கள். முன்பதிவு செய்தவர்கள் வட்டத்துக்குள் தங்கி விடியலைப் பார்க்கலாம். மற்றவர்கள் சூரியன் மறைவதற்குள் மலையிறங்கிவிட வேண்டும்.

நாற்பது வட்டங்களுக்கும் பொறுப்பாளர் ஒரு முள்ளம்பன்றி. தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கி, நாவற்பழச் சாற்றில் தோய்த்து, அகன்ற இலைகளில் எழுதும். கண் கொஞ்சம் மங்கல். ஆனால் எழுதியது எழுதியதுதான். ஓர் எழுத்தையும் மாற்றாது.

பூக்கும் நாளுக்கு முந்தைய நாள் பிற்பகலில், மலைப்பாதையில் ஒரு முயலும் ஒரு நரியும் ஏறிக்கொண்டிருந்தன. இருவருக்கும் முன்பதிவு இல்லை. பாதித் தூரத்தில்தான் பழக்கம் ஏற்பட்டிருந்தது.

முயல் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

"என்ன தங்கச்சி, பரீட்சைக்கா போகிறாய்?" என்று கேட்டது நரி.

"பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்க்கிறேன், அண்ணே. உளறிவிடுவேனோ என்று பயம்."

"பயம் எதற்கு? இந்த முறை இல்லையென்றால் அடுத்த முறை."

"முயலுக்கு அடுத்த முறை கிடையாது," என்றது முயல்.

உண்மைதான், குழந்தைகளே. பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்த முயலை அந்தக் காட்டில் யாரும் பார்த்ததில்லை. இந்த விடியலைத் தவறவிட்டால் அதற்கு இன்னொரு நீல விடியல் இல்லை.

உச்சியில் முள்ளம்பன்றி ஒரு பாறையின் பின்னால் இலைகளைப் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தது. நரி முந்திக்கொண்டது.

"நான் சிங்க ராஜாவின் மருமகன். நல்ல இடமாகப் பார்த்துக் கொடு."

"மருமகன்கள் அந்தப் பக்கம்," என்று முள்ளைக் காட்டியது முள்ளம்பன்றி.

அங்கே ஒரு காட்டுப்பன்றியும் ஒரு கீரியும் ஓர் ஆந்தையும் தலையைக் குனிந்தபடி நின்றிருந்தன.

"காலையிலிருந்து நீங்கள் நான்காவது மருமகன்," என்றது முள்ளம்பன்றி. "ராஜாவுக்கு மகளே கிடையாது. அடுத்தது யார்?"

அடுத்தது முயல். மூன்று நாட்களாகச் சொல்லிப் பார்த்ததெல்லாம் அந்த நொடியில் மறந்துபோயிற்று. மீதி இருந்தது ஒன்றுதான். அதைச் சொன்னது.

"ஐயா, எனக்கு முன்பதிவு இல்லை."

"ஏன் செய்யவில்லை? பன்னிரண்டு ஆண்டு அவகாசம் இருந்ததே."

"போன தடவை பூ பூத்த மறுநாளே நாற்பதும் தீர்ந்துவிட்டதாம். அப்போது நான் பிறக்கவில்லை."

முள்ளம்பன்றி இலைகளைப் புரட்டியது. "பிறக்காமல் இருந்தவர்களைப் பற்றி விதியில் ஒன்றும் எழுதவில்லையே."

"யாராவது வராமல் போய்விட்டால் அந்த இடம் சும்மாதானே இருக்கும், ஐயா? அது தெரியும்வரை இங்கே காத்திருக்கிறேன். சூரியன் மறைந்துவிட்டால் யாரும் சொல்ல வேண்டாம், நானே இறங்கிவிடுகிறேன்."

முள்ளம்பன்றி நிமிர்ந்து பார்த்தது. "இத்தனை காலத்தில் மருமகன் என்றார்கள், மைத்துனன் என்றார்கள், ராஜாவுக்கு முடிவெட்டுபவன் என்றார்கள். இல்லை என்பதை இல்லை என்று சொன்னவர் யாரும் இல்லை." ஒரு புது இலையை எடுத்து எழுதியது: *காத்திருப்போர். ஒன்று: முயல்.* "அந்தக் கல்லின்மேல் உட்கார். வால் பாதையில் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது."

"எனக்கு வால் கொஞ்சம்தான், ஐயா."

முள்ளம்பன்றி எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், நரி கழுத்தை நீட்டிப் பட்டியலைப் படித்துவிட்டது. முப்பத்தொன்பது பெயர்களுக்கு எதிரே வந்துவிட்டதாகக் கோடு போட்டிருந்தது. ஒன்றுக்கு மட்டும் கோடு இல்லை.

*இருபத்தேழு: அழுங்கு. முழு உபசாரத்துடன்.*

அழுங்கைத் தெரியும் அல்லவா? உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில் இருக்கும். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். நரிக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். அழுங்கு என்ன சாப்பிடும் என்பது அதற்குத் தெரியாது.

"முழு உபசாரம்," என்று நரி முயலின் காதில் சொன்னது. அதன் வாயில் நீர் ஊறியது. "குறைந்தது நண்டாவது இருக்கும். நான் அழுங்காகப் போகிறேன். நீ என் தங்கை என்று சொல்லிவிடலாம், வா."

"எனக்குக் காது இவ்வளவு நீளம், அண்ணே."

"அம்மா வழிச் சாயல் என்று சொல்வோம்."

"வேண்டாம். உண்மையான அழுங்கு வந்து நின்றால் என்ன செய்வாய்?"

"வந்தால் பார்ப்போம். நீ வாயை மட்டும் மூடிக்கொண்டிரு. மூடிய வாய் பொய் சொல்லாது."

முயல் காதுகளைத் தொங்கவிட்டுக்கொண்டு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தது.

நரி ஒரு சேற்றுக்குழியில் புரண்டது. பிறகு சருகுக் குவியலில் புரண்டது. எழுந்தபோது அதன் உடம்பு முழுக்க இலைகள் ஒட்டியிருந்தன. மூக்கு மட்டும்தான் நரி.

"நான் அழுங்கு வந்திருக்கிறேன்," என்று முள்ளம்பன்றியின் முன்னால் போய் நின்றது.

முள்ளம்பன்றி கண்ணைச் சுருக்கிப் பார்த்தது. "வாருங்கள், வாருங்கள். ஐயா, உங்கள் செதில் ஒன்று விழுந்துவிட்டது."

"இலையுதிர் காலம்," என்றது நரி.

"வால் பஞ்சு மாதிரி இருக்கிறதே."

"மலையில் குளிர். வாலுக்குப் போர்வை போர்த்தியிருக்கிறேன்."

"நல்லது. அழுங்குகளுக்குப் பல் கிடையாது என்று கேள்விப்பட்டேன்."

நரி சட்டென்று வாயை மூடி, மூடிய வாயாலேயே சொன்னது: "இது கட்டிய பல்."

"எனக்கு முகம் முக்கியம் இல்லை, பெயர் இருந்தால் போதும்," என்று முள்ளம்பன்றி கோடு போட்டது. "ஆனால் ஒன்று. பெயருக்கு எதிரே எழுதியிருப்பதில் எதையும் நான் குறைக்க மாட்டேன்."

"குறைக்கவே கூடாது," என்றது நரி.

இருபத்தேழாம் வட்டம் மெத்தை போல மேடாக இருந்தது. நரி காலை நீட்டிப் படுத்தது. "தங்கச்சி, பார்த்தாயா?" என்று முயலுக்குக் கை காட்டியது.

இரண்டு மந்திகள் ஒரு பெரிய இலைப்பொதியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தன.

"முதல் பந்தி," என்று அறிவித்தது முள்ளம்பன்றி.

நரி கண்ணை மூடி வாயை ஆவென்று திறந்தது. மந்திகள் பொதியைப் பிரித்துக் கவிழ்த்தன.

செவ்வெறும்புகள். ஆயிரம், பத்தாயிரம், எண்ணவே முடியாது. எல்லாம் உயிரோடு. எல்லாம் கோபத்தோடு.

"இது என்ன?" என்று நரி எகிறியது.

"நீங்கள் கேட்டதுதான், ஐயா." முள்ளம்பன்றி இலையைப் பார்த்து நிதானமாகப் படித்தது. "*உணவு சூடாக வேண்டாம், உயிரோடு இருந்தால் போதும். நாக்கில் தானாக ஏறி வரவேண்டும்.* வருகிறதா, ஐயா?"

நாக்கில் மட்டுமா? காதில் ஏறியது, வாலில் ஏறியது, சொல்ல முடியாத இடங்களில் எல்லாம் ஏறியது.

"போதும், வயிறு நிறைந்துவிட்டது," என்று நரி குதித்தது.

"கூச்சப்படாதீர்கள். இரண்டாம் பந்தி, கட்டெறும்பு."

அடுத்த பொதியும் கவிழ்ந்தது. நரி மேட்டின்மேல் விழுந்து புரண்டது. மேடு பொலபொலவென்று உடைந்தது. உள்ளேயிருந்து மூன்றாம் பந்தி தானாகவே கிளம்பி வந்தது.

"அது மெத்தை இல்லை, ஐயா, புற்று," என்று விளக்கியது முள்ளம்பன்றி. "*படுக்கை சாப்பாட்டின் மேலேயே இருக்கட்டும்* என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள்."

நரி ஓர் ஊளை விட்டது. அந்த ஊளையில் நான்கு மருமகன்களில் மீதி மூன்று பேரும் மலையிறங்கி ஓடிவிட்டார்கள். நரி அவர்களையும் தாண்டி ஓடியது. இலைச் செதில்கள் காற்றில் பறந்தன. யானைக்கூட்டம் வழி விட்டது. வரையாடுகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன. கரடிக்கு வந்த சிரிப்பில் அது தன் வட்டத்துக் கூழாங்கற்களில் பாதியை உதைத்துத் தள்ளிவிட்டது.

கூச்சல் அடங்கியபோது சூரியன் எதிர்மலையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இருபத்தேழு காலி," என்றது முள்ளம்பன்றி. "விருந்தினர் தாமே போய்விட்டார். காத்திருப்போர் ஒன்று, வா. எறும்புகளைப் பெருக்கித் தள்ளச் சொல்கிறேன்."

முயல் கல்லிலிருந்து குதித்தது. இரண்டு தாவல் தாவியது. பிறகு நின்றுவிட்டது.

"ஐயா, ஓடினது அழுங்கு இல்லை. நரி. எனக்கு முன்னாலேயே தெரியும். சொல்லாமல் இருந்துவிட்டேன்." அது பாதையைத் திரும்பிப் பார்த்தது. "உண்மையான அழுங்கு இன்னும் வழியில் இருக்கலாம். இடம் அதனுடையது."

"வராவிட்டால்?"

"சூரியன் மறையும்வரை அதனுடையதுதானே?"

"சூரியன் மறைந்தால் நீ இறங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு இடம் காலியாகி உனக்கு என்ன பயன்?"

"ஒன்றும் இல்லை, ஐயா," என்று சொல்லிவிட்டு, முயல் திரும்பிப் போய்க் கல்லின்மேல் உட்கார்ந்தது. வாலைக் கவனமாக உள்ளே இழுத்துக்கொண்டது.

சூரியன் பாதியாகியது. கால்வாசியாகியது. நகக்கீற்று அளவு மிச்சம் இருந்தபோது, பாதையில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"இருபத்தேழாம் இடம் எங்கே?" என்று கேட்டபடி வந்தது அழுங்கு. "தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். வழியில் ஏழு முறை பயந்துவிட்டேன். பயந்தால் சுருண்டுவிடுகிறேன், சுருண்டால் கீழே உருண்டுவிடுகிறேன். மறுபடியும் அடியிலிருந்து ஏற வேண்டியிருக்கிறது. கடைசியாக இலை ஒட்டிய பேய் ஒன்று ஊளையிட்டுக்கொண்டே ஓடியது. அதில்தான் அதிகம் உருண்டேன்."

பிறகு அது தன் வட்டத்தைப் பார்த்தது. கண்கள் விரிந்தன. "அடடா, மூன்று பந்தியையும் விரித்தே வைத்திருக்கிறீர்களே."

முள்ளம்பன்றி நடந்ததைச் சொன்னது. அழுங்கு கல்லின்மேல் இருந்த முயலைப் பார்த்தது.

"நான் சுருண்டு படுத்தால் ஒரு பூசணிக்காய் அளவு. மீதி வட்டம் எனக்கு எதற்கு? முயலம்மா, நீயும் வந்துவிடு. ஆனால் கொஞ்சம் பொறு, முதலில் இடத்தைச் சுத்தம் செய்துவிடுகிறேன்."

அதன் நீண்ட நாக்கு சுழன்று சுழன்று வந்தது. சிறிது நேரத்தில் அங்கே மருந்துக்குக்கூட ஓர் எறும்பு இல்லை.

முயல் தயங்கியது. "விதியில் இடம் உண்டா, ஐயா?"

முள்ளம்பன்றி எல்லா இலைகளையும் புரட்டிப் பார்த்தது. "விருந்தினருக்கு ஒரு விருந்தினர் வரக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை," என்றது.

சூரியன் மறைந்தது. முயல் மலையிறங்கவில்லை.

விடியலில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். இருபத்தாறாம் வட்டத்து யானையும் எழுந்து நின்றது. முயல் துள்ளியது. யானை தெரிந்தது. இன்னும் உயரமாகத் துள்ளியது. யானையே இன்னும் கொஞ்சம் தெரிந்தது.

"என் மேலே ஏறிக்கொள்," என்றது பக்கத்தில் சுருண்டு கிடந்த பந்து, பாதித் தூக்கத்தில். "செதில் வழுக்கும். பார்த்து."

முயல் ஏறி நின்றது. பனி விலகியது. காலடியிலிருந்து வானம்வரை மலை நீலமாக இருந்தது. எது மலை, எது வானம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.  முயலின் காதுகள் நேராக நிமிர்ந்து நின்றன.

மலையடிவாரத்து ஓடையில் நரி மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது. அங்கிருந்து பார்த்தால் பனி மட்டும்தான் தெரிந்தது.

வெயில் ஏறியதும் முள்ளம்பன்றி புது இலைகளை விரித்தது. அடுத்த பூவுக்கான முன்பதிவு தொடங்கியது. வரிசையில் முதல் ஆளாக முயல் நின்றது.

"பன்னிரண்டு ஆண்டு கழித்து, ஓர் இடம் வேண்டும், ஐயா."

"உனக்கா?"

"எனக்கு இல்லை. அப்போது இருக்கும் ஏதாவது ஒரு முயலுக்கு."

"பெயர்?"

"இன்னும் பிறக்கவில்லை."

முள்ளம்பன்றி பழைய இலைகளை ஒருமுறை புரட்டிப் பார்த்தது. பிறகு முதுகிலிருந்து ஒரு புது முள்ளைப் பிடுங்கி எழுதியது: *ஒன்று: இன்னும் பிறக்காத முயல்.*

"உபசாரம்?" என்று கேட்டது.

"எறும்பு வேண்டாம் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்," என்றது முயல்.

நீதி: அடுத்தவர் பெயரைச் சொல்லி இடம் பிடித்தால், அந்தப் பெயருக்கு வருவதெல்லாம் நம்மேல்தான் ஏறும், உள்ளதைச் சொல்லிக் காத்திருப்பவருக்கு ஒதுங்க ஓர் ஓரமாவது கிடைக்கும்.