மறு ஒளிபரப்பு

"முதல் தடவை ஊரே உட்கார்ந்து பார்த்துச்சும்மா. மறு ஒளிபரப்புல ஒருத்தரும் சீண்டல. ஏன்?"

திருமேனி வந்ததும் வராததுமாக இதைத்தான் கேட்டார். மனைவியின் காரியம் முடிந்த கையோடு வந்த மனுஷன் சீரியலைப் பற்றிப் புலம்புகிறாரே என்று மடத்தில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள்.

சீரியல் எழுதுவதுதான் அவர் பிழைப்பு. வாரம் ஒரு திருப்பம் வைத்து, பார்க்கிறவர்களைப் பதற வைப்பதில் கெட்டிக்காரர்.

ஒருவர் மோர் கொண்டுவந்து "ஐயா" என்றார். திருமேனி திரும்பாமலே வலது கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பேச்சுக்கு நடுவில் யார் வந்தாலும் அவருக்கு அதுதான் பழக்கம்.

குரு வடிவம்மை அவரைவிட வயதில் சின்னவர். மடத்துக்கு யாரோ ஒரு பக்தர் டிவி வாங்கிக் கொடுத்திருந்தார். எல்லாவற்றையும் துறந்த அம்மா அதை மட்டும் துறக்க மறந்துவிட்டார் என்று ஊரில் கேலி உண்டு. அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

"நானும் பார்த்தேன். ரெண்டு தடவையும்."

"எப்படி இருந்துச்சு?"

"பெத்தவளே பிள்ளைக்கு விஷம் வெச்சான்னு தெரிஞ்ச அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல."

"ரெண்டாவது தடவை?"

"முதல்ல இருந்து அவ முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். பிள்ளைக்கு ஊட்டி விடுறா, தலை வாரி விடுறா. முகத்துல ஒண்ணுமே இல்லை."

திருமேனிக்குச் சுருக்கென்றது.

"நடிச்சவங்களுக்கே முடிவு தெரியாதும்மா. தெரிஞ்சா முகம் காட்டிக் கொடுத்துடும்னு கடைசி வரைக்கும் நான் சொல்லல."

"அதான் மறுபடி பார்க்க ஒண்ணும் இல்லாமப் போச்சு," என்றார் குரு.

பேச்சு முடிந்துவிட்டது. திருமேனி மட்டும் எழுந்திருக்கவில்லை. வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"நீங்க கேட்க வந்தது இது இல்லை."

அவ்வளவுதான், மனுஷன் உடைந்துபோனார்.

"மரகதம் என்னை ஏமாத்திட்டாம்மா. வயித்துல கட்டின்னு ஒரு வருஷமா அவளுக்குத் தெரியும். எங்கிட்ட மூச்சு விடல. சாகப்போற நேரத்துல டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். கட்டின புருஷன்கிட்ட மறைப்பாளா? அவ படத்தைச் சுவத்துப் பக்கமாத் திருப்பி வெச்சிருக்கேன். நினைக்க நினைக்க ஆத்திரமா வருது. அவளை மன்னிக்க ஒரு வழி சொல்லுங்க."

"நடந்ததைச் சொல்லுங்க."

"சொன்னேனே."

"அது முடிவு. அவங்களுக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்து சொல்லுங்க."

திருமேனி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆடி மாசம் ஒருநாள் தங்கச்சி வீட்டுக்குன்னு கிளம்பினா. போனது ஆஸ்பத்திரிக்கு. சாயங்காலம் வந்து காபி போட்டுக் கொடுத்தா. ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்தா. நான் எழுதின எவளும் அப்படி நடிச்சதில்லை."

"மறுபடி சொல்லுங்க."

"அதையேவா?"

"அதையேதான். இந்தத் தடவை அவங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே சொல்லுங்க."

திருமேனி கண்ணை மூடினார்.

"சாயங்காலம் வந்தா. உடனே உள்ளே வரல. வாசல்லயே கொஞ்ச நேரம் நின்னா. கண்ணு வீங்கியிருந்துச்சு, வெயில்னு நினைச்சேன். அப்புறம் காபி கொண்டுவந்தா. நான் அந்த விஷம் வைக்கிற சீனை எழுதிக்கிட்டிருந்தேன். மேசையில வெச்சா. வெச்சுட்டு…"

"வெச்சுட்டு?"

"போகல. பக்கத்துலயே நின்னா."

மூடிய கண்ணோடு திருமேனியே தொடர்ந்தார்.

"நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. 'என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்'னா. நான்…"

அவருடைய வலது கை தானாக உயர்ந்தது. சற்று முன் மோர் கொண்டுவந்தவரை நிறுத்தியது போலவே காற்றில் விரிந்து நின்றது.

திருமேனி கண்ணைத் திறந்து அந்தக் கையைப் பார்த்தார்.

"மறுநாள்?" என்றார் குரு.

"மறுநாளும் சொல்ல வந்தா," என்றார் திருமேனி.

கை இறங்கவில்லை.