உடைமரவிளை அசனக் கமிட்டியும் திரும்பி வந்த தண்ணீரும்

உடைமரவிளையில் அறிவுக்குப் பஞ்சம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். அது சுத்தப் பொய். இருந்து தீர்ந்தால்தானே பஞ்சம்? அந்த ஊரில் அது எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, அதனால் யாரும் தேடவும் இல்லை. மற்றபடி நல்ல ஜனங்கள். சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். அவர்களுக்கு வந்த கஷ்டமெல்லாம் அந்த ஒரு நல்ல குணத்தால் வந்ததுதான்.

வருஷா வருஷம் வேதக்கோவில் பண்டிகையின் கடைசி நாளில் அங்கே அசனம் நடக்கும். ஊரும் விருந்தாளியும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் சாப்பிடுவார்கள். அசனக் கமிட்டிக்குத் தலைவர் தேவஇரக்கம். அவருக்குத் துணை மைத்துனர் வேதமுத்து. இவர்கள் இரண்டு பேருக்கும் யோசனை சொல்ல அருமைநாயகம்.

போன வருஷம் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்த கையோடு ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடியது. குருவானவர் ஆசீர்வாதம் கூறினார். ஆமென் சொல்ல ஆளில்லை. அதையும் அவரே ஓடிக்கொண்டே சொன்னார். தேவஇரக்கத்தின் மகள் எப்சிபாயைப் பெண் கேட்டு வந்தவர்களும் ஓடினார்கள். காட்டுக்குள் போனவர்கள் அப்படியே மறுபக்கம் ஏறி பஸ் பிடித்துவிட்டார்கள்.

இந்த வருஷம் கீழவடலி ஞானாபரணம் குடும்பம் வருவதாக இருந்தது. "அசனத்துக்கு வாரோம். சாப்பிட்டுட்டு முடிவு சொல்லுதோம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தேவஇரக்கம் முழங்கால் போட்டுவிட்டார்.

"ஆண்டவரே, வாரவங்க சாப்பிட்டு முடிச்ச பிறவும் உக்காந்த இடத்துலயே இருக்கணும். வேற ஒண்ணும் கேக்கல."

அவர் மனைவி தங்கபுஷ்பம் பின்னாலிருந்து, "ஜெபமும் பண்ணுங்க, பிளம்பரையும் கூப்பிடுங்க" என்றாள்.

பிளம்பர் இசக்கி வந்தான். சமையல் கொட்டகைக் குழாயைப் பார்த்தான், அதில் மாட்டியிருந்த ரப்பர் ஹோஸைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, போன வருஷம் கறி கழுவின அண்டாவுல இந்த ஹோஸ் முனை முங்கியே கிடந்திருக்கு. மேல டேங்க்குல தண்ணி தீந்துட்டு. கீழ குடிக்கிற குழாயை எவனோ தொறந்திருக்கான். அண்டாவுல கெடந்த அழுக்குத் தண்ணி ஹோஸ் வழியாத் திரும்ப ஏறி, குடிக்கிற குழாய்ல வந்துட்டு. அவ்வளவுதான்."

கமிட்டி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"தண்ணி எதுக்குவே திரும்பிப் போவுது?" என்றார் வேதமுத்து.

"கறியைப் பாத்துப் பயந்திருக்கும்" என்றார் அருமைநாயகம்.

இசக்கி பையைத் திறந்தான். கொட்டகைக் குழாயில் ஒரு வால்வை மாட்டினான். "இது ஒரு வழிக் கதவு மாதிரி. போற தண்ணி போகும். திரும்பி வராது."

"ஏதாவது மறந்து வச்சிட்டுப் போயிருந்தா?" என்றார் வேதமுத்து.

"வராது அண்ணாச்சி."

"பாவம்" என்றார் வேதமுத்து.

இசக்கிக்கு வேறு வேலை இருந்தது. போகும்போது இரண்டு விஷயம் சொன்னான். "ஒண்ணு. ஒரே ஒரு தடவை சோதிச்சுப் பாத்துக்கங்க. அண்டாத் தண்ணியில துணிக்குப் போடுற நீலத்தைக் கலக்கி, ஹோஸை முக்கி வச்சிட்டு, டேங்க்கை மூடிட்டு, குடிக்கிற குழாயைத் தொறங்க. நீலம் வந்தா எனக்குச் சொல்லுங்க. வரலைன்னா வால்வு நல்லா இருக்கு. ரெண்டு. அதுக்குப் பிறவு ஹோஸை முக்கவே கூடாது. முனைக்கும் தண்ணிக்கும் நடுவுல எப்பவும் ஒரு சாண் இடைவெளி வேணும்."

அசனத்தன்று விடியற்காலையில் சோதனை நடந்தது. தேவஇரக்கம் குழாயைத் திறந்தார். மிச்சசொச்சமாய்க் கொஞ்சம் தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்து நின்றது.

"நீலம் இல்ல. ஸ்தோத்திரம்" என்றார் தேவஇரக்கம்.

அருமைநாயகம் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். "வே, நீலம் வரலைன்னு எதை வச்சுச் சொல்லுதீரு?"

"கண்ணால பாத்தேன்லா?"

"இந்தக் குழாயில நீலம் வந்தா எப்படி இருக்கும்னு உமக்குத் தெரியுமா? என்னைக்காவது பாத்திருக்கீரா?"

தேவஇரக்கம் யோசித்தார். பார்த்ததில்லை.

"அப்ப வந்தது நீலமா இல்லையான்னு எப்படித் தெரியும்? களவாணியைப் பிடிக்கணும்னா முதல்ல அவன் மூஞ்சி தெரியாண்டாமா?"

நியாயமான பேச்சு. பெண்ணின் வாழ்க்கை சம்பந்தப்பட்ட காரியத்தில் அரைகுறை வேலை ஆகாது என்று தேவஇரக்கத்துக்கும் பட்டது. வேதமுத்து ஏணி வைத்து ஏறி, மிச்சமிருந்த நீலத்தையெல்லாம் டேங்க்கிலேயே ஊற்றினார். டேங்க்கைத் திறந்துவிட்டுக் குழாயைத் திருகினார்கள். நல்ல கருநீலமாக, நுரையோடு கொட்டியது.

"இதான் நீலம்" என்றார் அருமைநாயகம்.

"அப்ப முதல்ல வந்தது நீலம் இல்ல" என்றார் வேதமுத்து.

"அப்ப வால்வு நல்லா இருக்கு" என்றார் தேவஇரக்கம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று பேரும் கைகொடுத்துக்கொண்டார்கள்.

அடுத்தது ஒரு சாண். யார் கைச் சாண் என்று கொஞ்ச நேரம் வாக்குவாதம். நீளக் கை வேதமுத்துவுக்கு. ஆனால் அவருக்கு ஒரு விரல் மடங்காது, ஒரு விரல் நீளாது. கடைசியில் அருமைநாயகம் அண்டாவின் ஓரம் உட்கார்ந்து, கட்டைவிரல் தண்ணீரைத் தொட, சுண்டுவிரல் ஹோஸைத் தொட, கையை விரித்துப் பிடித்தார். வேதமுத்து ஹோஸைப் பிடித்தார். தண்ணீர் ஏற ஏறக் கை ஏறியது, கை ஏற ஏற ஹோஸ் ஏறியது. அண்டா நிறைந்ததும் குழாயை மூடிவிட்டு, இரண்டு பேரும் அசையாமல் அப்படியே இருந்தார்கள். எப்பவும் என்றல்லவா இசக்கி சொல்லியிருக்கிறான்.

சமையல்கார சுயம்பு குடத்தோடு வந்தான். அண்டாவில் முகந்தான்.

"ஏலே, ஏலே, இடைவெளி கூடிட்டு" என்று அருமைநாயகம் பதறினார். "சாணுக்கு மேல ரெண்டு விரக்கடை போயிட்டு. திரும்ப ஊத்து."

"உலை வைக்காண்டாமா, பெரியப்பா?"

"எடுத்துக்கோ. யாரு வேண்டாம்னா? தண்ணி மட்டம் மட்டும் குறையக் கூடாது."

சுயம்பு ஒரு குடம் எடுத்துப் பார்த்தான், அரைக் குடம் எடுத்துப் பார்த்தான், ஒரு கை அள்ளியும் பார்த்தான். மட்டம் குறையாமல் தண்ணீர் எடுக்கும் வித்தை அவனுக்குக் கைவரவில்லை. தேவஇரக்கத்திடம் போய் நின்றான்.

"மாமா, அண்டாத் தண்ணியைத் தொட விட மாட்டக்காங்க."

"அது காவல்ல இருக்குடே. நீ குடிக்கிற குழாயில பிடி. அது சோதிச்ச தண்ணி."

"நீலமா வருதே."

"அதான் சோதனை."

சுயம்பு உடைமரவிளைக்காரன். அவனுக்கு அதற்குமேல் சந்தேகம் வரவில்லை.

மத்தியானம் கீழவடலிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். பந்தியில் முன்வரிசையில் ஞானாபரணமும் அவர் சம்சாரம் ராஜகனியும் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் மாப்பிள்ளை, சட்டைக் கையை மடக்கி விட்டுக்கொண்டு. ஜெபம் முடிந்து இலை போட்டார்கள். சோறு விழுந்தது.

சோறு சித்திரை மாசத்து வானம் மாதிரி இருந்தது.

பந்தியில் யாரும் இலையைத் தொடவில்லை. எப்சிபாய் கறி வாளியோடு தூணோரம் நின்றாள். போன வருஷம் சாப்பிட்ட பிறகாவது ஓடினார்கள்; இவர்கள் சாப்பிடாமலே எழுந்துவிடுவார்கள் போலிருந்தது.

ஞானாபரணம் ஒரு பருக்கையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்னவே, சோறு இப்படி இருக்கு?"

தேவஇரக்கத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதற்கும் கொஞ்சம் அறிவு வேண்டும். "அண்ணாச்சி, தண்ணி சுத்தமா இருக்கணும்னு நீலம் போட்டோம்" என்றார்.

ஞானாபரணம் சம்சாரத்தின் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"கேட்டியா? நம்ம வீட்டுல வேட்டிக்குத்தான் நீலம் போடுவோம். இவங்க சோத்துக்கே போடுதாங்க. இந்த வீட்டுல வளந்த பிள்ளை நம்ம வீட்டை எப்படி வச்சிக்கிடும்னு பாத்துக்கோ."

ராஜகனியும் குனிந்து இலையைப் பார்த்தாள். அவள் எதையும் லேசில் ஒத்துக்கொள்கிறவள் இல்லை.

"கஞ்சி இருக்கு, நீலம் போட்டிருக்கு, எல்லாம் சரிதான்" என்றாள். "இஸ்திரி போடலையே?"

தேவஇரக்கம் ராஜகனியைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். இவ்வளவும் செய்துவிட்டு இதிலா கோட்டை விடுவது?

"ஒரு நிமிஷம் பொறுத்துக்கங்க, மதினி. யாரும் இலையில கை வச்சிராதீங்க" என்றவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேய்ப்புக் கடைக்கு ஓடினார்.

அவர் வாங்கிவந்த இஸ்திரிப் பெட்டியில் அடுப்பு நெருப்புக் கங்குகளை அள்ளிப் போட்டார்கள். இலையை மடித்துவைத்துத் தேய்ப்பதா, விரித்துவைத்துத் தேய்ப்பதா, குழம்பு ஊற்றுவதற்கு முன்னாலா பின்னாலா என்று பந்தி முழுக்க ஆளுக்கொரு யோசனை சொன்னது. தேவஇரக்கம் புகையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்வரிசைக்கு வந்து குனிந்தார். ஞானாபரணம் தன் சோற்றைக் கையால் தடவிச் சுருக்கம் இல்லாமல் பரத்தி வைத்துவிட்டு, இலையை அவர் பக்கம் தள்ளினார்.

"சூடு பாத்துப் போடுங்க, சம்மந்தி" என்றார். "இவளுக்கு மடிப்பு நேரா விழணும்."