ஏழு மலை தாண்டிக் கேட்ட காலடி

பெருங்காட்டு யானைகளைக் கண்டால் புலிகூட வழிவிட்டு ஒதுங்கும். அந்தப் பெருமை யானைத் தலைவர் மலையப்பனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

ஒருநாள் ஏழு மலைகளுக்கு அப்பாலிருந்து ஒரு நாரை மூச்சு வாங்கப் பறந்து வந்தது.

"ஐயா, காப்பாத்துங்க! எங்க குளத்து நண்டுங்க எங்களோட சண்டைக்கு நிக்குதுங்க. காலைக் கடிச்சுட்டு வளைக்குள்ள மறைஞ்சுடுதுங்க. இன்னிக்கு எங்க குளம் போச்சுன்னா, நாளைக்கு உங்க ஆறும் போயிடும்!"

ஆறு என்றதும் மலையப்பனுக்குச் சுருக்கென்றது. "கொம்பையா! நீ போ. சண்டையெல்லாம் வேண்டாம். சும்மா யோசனை சொல்லிட்டு வா!"

கொம்பையா, மருதியின் ஒரே பிள்ளை. சிறுவயதில் மூங்கில் முள் ஏறியதால் இடது முன்காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பான். "பத்தே நாள், அம்மா!" என்று துதிக்கையால் அவள் கன்னத்தைத் தடவிவிட்டுக் கிளம்பினான். மருதிக்கு அன்று தழை இறங்கவில்லை.

யானைக்குக் காது மட்டுமல்ல, காலும் கேட்கும். தொலைதூரத்து அதிர்வுகூட மண் வழியே உள்ளங்காலுக்கு வந்துவிடும். பத்தாம் நாள் காட்டு மண் 'தொம்... தொம்' என்று அதிர்ந்தது.

"எதிரி பெருத்துட்டான்!" என்றார் மலையப்பன். பத்து யானைகள் போயின.

சத்தம் பெரிதானது. "பார்த்தீங்களா!" என்றார். ஐம்பது யானைகள் போயின. சத்தம் இன்னும் பெரிதானது.

"அண்ணே, நண்டுக்கு ஏது இத்தனை கனம்?" என்றாள் மருதி. "இது நம்ம பிள்ளைங்க மிதிக்கிற சத்தம். நடுவுல இழுத்து இழுத்து விழுதே, அது என் கொம்பையா!"

"பெத்த மனசு அப்படித்தான் பேசும். போய்த் தழை தின்னு, தாயி!"

அதன்பின் தினமும் காலையில் மருதி ஆற்றங்கரையில் கால் ஊன்றி நிற்பாள். அந்த இழுத்த அடி கேட்ட பிறகுதான் தண்ணீரில் வாய் வைப்பாள். ஒருநாள் அது கேட்கவில்லை. உச்சி வெயில்வரை நின்றாள். கேட்கவே இல்லை.

மருதி யாரிடமும் சொல்லாமல் ஏழு மலையும் ஏறி இறங்கினாள்.

அங்கே குளம் இல்லை, சேறுதான் இருந்தது. கண்ணில் படாத நண்டுகளை யானைகள் வெறிகொண்டு மிதித்துக்கொண்டிருந்தன. ஏற்கெனவே மூன்று யானைகளைச் சேறு விழுங்கியிருந்தது. நாரைக் கூடுகள் நசுங்கிக் கிடந்தன. உதவிக்கு அழைத்த நாரையே ஓரமாக நின்று அழுதது. நடுவில், வயிறுவரை புதைந்து கொம்பையா! அவனை மீட்கிறோம் என்று மற்றவை மிதிக்க மிதிக்க, அவன் இன்னும் அமிழ்ந்தான்.

"அம்மா, காலை அசைக்க முடியலை!"

மருதி இறங்கக் காலைத் தூக்கினாள்.

"நில்லு!" என்று கீழே ஒரு குரல். ஒரு பெண் நண்டு கொடுக்கை உயர்த்தி நின்றது. அதன் வயிற்று மடிப்பில் கடுகு கடுகாகக் குஞ்சுகள். "இதுக்கு முந்திப் பெத்ததெல்லாம் உங்க காலடியில போயிடுச்சு. இதுங்களையாவது விடு!"

அது நடுங்கியது. ஆனால் ஓடவில்லை.

மருதி தூக்கிய காலைப் பின்னால் வைத்தாள். மெல்ல மண்டியிட்டாள். "என் பிள்ளையும் உள்ளதான் இருக்கான், தாயி. நான் என்ன செய்யணும், சொல்லு."

நண்டு கொடுக்கைத் தாழ்த்தியது. "எல்லாரையும் கரையேறச் சொல்லு. மிதிச்சா சேறு இறுகும். நாங்க அவன் காலைச் சுத்தி வளை தோண்டி இளக்கிவிடுறோம். அப்புறம் இந்தப் பக்கமே வரக் கூடாது!"

மருதி பிளிறினாள்.

"இப்பக் கரையேறினா தோத்த மாதிரி ஆயிடுமே!" என்றது ஒரு கொம்பன் யானை.

"ஆகட்டும்!" என்றாள் மருதி.

யானைகள் தலைகுனிந்து கரையேறின. நூறு நூறாய் நண்டுகள் வெளியே வந்து தோண்டின. பொழுது சாய்வதற்குள் கொம்பையாவின் கால்கள் ஒவ்வொன்றாக விடுபட்டன. மருதி அவன் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் துடைத்தாள்.

எல்லாரும் திரும்பி வந்தபோது, காட்டு எல்லையில் மலையப்பன் ஓடி வந்தார். "சத்தமே நின்னுபோச்சே! எதிரி ஒழிஞ்சானா?"

"நாம மிதிக்கிறதை நிறுத்தினோம், அண்ணே. அவ்வளவுதான்."

சேற்றில் பிள்ளையை இழந்த மூன்று தாய்மார் இன்னமும் தினமும் ஆற்றங்கரையில் கால் ஊன்றி நிற்கிறார்கள். பிள்ளை திரும்பி வந்த மருதியும் அவர்களோடு போய் நிற்கிறாள்.

தொலைதூரத்துச் சண்டையில் காலை விட்டவருக்குத் தம் காலடிச் சத்தமே எதிரியின் முழக்கமாகக் கேட்கும் என்பதால், இன்னொரு பிள்ளையை அனுப்பும் முன் மிதிப்பதை நிறுத்திக் கேட்பதே அறிவு.