சல்லடை கேட்காத கேள்வி

அந்தக் காலத்தில் கணினிகளும் அவற்றுக்குள் உழைத்த நிரல்களும் மனிதர்களோடு வாய்விட்டுப் பேசின. பொய் சொல்ல அவற்றுக்குத் தெரியாது. கேட்காததைச் சொல்லும் பழக்கமும் கிடையாது.

கணினிகளில் யூனிக்ஸ் வம்சம் பெரியது. பாட்டனார் ஒருவர்தான். பேரப்பிள்ளைகள் பல வீடுகளாகப் பிரிந்துவிட்டார்கள். முகச்சாடை ஒன்றுபோல இருக்கும். ஆனால் அடுக்களையில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

தேனம்மை என்பவள் சல்லடை என்றொரு நிரலை எழுதினாள். அதற்குப் படமும் இல்லை, பொத்தானும் இல்லை. ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் போதும், மலையாகக் குவிந்த எண்களைச் சலித்து வேண்டியதை மட்டும் தரும். தேனம்மை அதைப் பூட்டி வைக்கவில்லை. "யார் வேணும்னாலும் எடுத்துக்கங்க, திருத்திக்கங்க" என்று ஊரறியச் சொல்லிவிட்டாள்.

சல்லடை வீடு வீடாகப் போனது. போன இடமெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டது: "நீ எந்த வம்சம்?" யூனிக்ஸ் என்று பதில் வந்துவிட்டால் உடனே வேலையில் இறங்கிவிடும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அதன் நினைப்பு. எங்கும் தவறாததால் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது.

முத்துக்குளித்துறைப் பக்கம் ஒரு மீனவர் ஊரில் சின்னக் கணினி ஒன்று இருந்தது. காற்றின் வேகத்தை எண்களாகச் சேர்த்து வைத்து, புயல்காற்று வருமுன் சங்கை ஊதவைப்பது அதன் வேலை. சங்கு கேட்டால் வள்ளங்கள் கரைக்குத் திரும்பும். கணினியைப் பார்த்துக்கொண்டவள் செலஸ்தீனா. ஒருநாள் எண்கள் அளவுக்குமீறிக் குவிந்து கணினி திணறவே, அவள் சல்லடையை அழைத்தாள்.

"காத்து ஒரு மாதிரியா இருக்கு. சீக்கிரம் சலிச்சுக் குடு. எந்தம்பி சந்தியாகு கடலுக்குள்ள கெடக்கான்."

"நீ எந்த வம்சம்?" என்று கணினியைக் கேட்டது சல்லடை.

"யூனிக்ஸ் வம்சம்."

"அது போதும்."

அடுத்த கேள்விக்காகச் சின்னக் கணினி காத்திருந்தது. கேள்வி வரவில்லை.

அந்த வம்சத்து வீடுகளில் நகலன் என்றொரு வேலையாள் இருப்பான். பழையதை அழிக்குமுன் அவன் ஒரு நகல் எடுத்து வைப்பான். சின்னக் கணினியில் இடம் பற்றாததால் அவனை வைத்துக்கொள்ளவில்லை. "நகலா, எடுத்து வை" என்று குரல் கொடுத்த சல்லடை, பதிலுக்கு நிற்காமல் எண்களை வழித்துத் துடைத்தது. பிறகு நகலை வாங்கிச் சலிக்கத் திரும்பி, "நகலா, கொடு" என்றது. அங்கே யாரும் இல்லை.

காற்றின் கணக்கு முழுக்கப் போய்விட்டது. எப்போது ஊதுவது என்று தெரியாமல் சங்கு சும்மா நின்றது. செலஸ்தீனா பதறி ஓடிக் கையால் அதை முடுக்கியபோது புயல்காற்று கரையேறிவிட்டது. மற்ற வள்ளங்கள் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தன. சந்தியாகுவின் வள்ளம் வரவே இல்லை.

"நகலன் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று செலஸ்தீனா கணினியிடம் கதறினாள்.

"எந்த வம்சம்னு கேட்டுச்சு, சொன்னேன். என்ன இருக்குன்னு கேக்கலயே, அக்கா."

சேதி கேட்டுத் தேனம்மை வந்தாள். "வம்சத்தக் கேட்டா வீட்டுக்குள்ள இருக்கிறது தெரிஞ்சிரும்னு நாந்தான் அதுக்குச் சொல்லிக் குடுத்தேன்" என்று அழுதாள். செலஸ்தீனா அவளைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை.

"இனிமே எந்த வீட்டுக்குப் போனாலும் ஒண்ணொண்ணாக் கேக்கச் சொல்லு. நேரமானா ஆவட்டும்."

தேனம்மை அங்கேயே உட்கார்ந்து, வம்சம் கேட்கும் வரியை அழித்தாள். அந்த இடத்தில் கேள்விகளை எழுதினாள். இல்லை என்று பதில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதினாள். பிறகு சல்லடையை அதே கணினியின் வாசலில் நிறுத்தினாள்.

"நகலன் இருக்கிறானா?" என்றது சல்லடை. அதன் குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"இல்லை."

"சரி. நகலை நானே எடுக்கிறேன்."

செலஸ்தீனா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

பூட்டாத நிரல் அல்லவா? மற்றவர்களும் அந்தக் கேள்விகளை எடுத்துத் தங்கள் நிரல்களின் முகப்பில் வைத்தார்கள். இப்போதும் அப்படிப் பூட்டாத நிரல் ஒன்றின் மூல வரிகளை இறக்கி, உங்கள் கணினியில் அதை உருவாக்கிப் பாருங்கள். கருந்திரையில் வரி வரியாகக் கேள்விகள் ஓடும். காத்திருப்பவர்களுக்கு அலுப்புத் தட்டும். அலுத்துக்கொள்ள வேண்டாம். அன்று முதல்தான், புது வீட்டு வாசலில் நிற்கும் நிரல் வம்சத்தை நம்பி உள்ளே நுழையாமல், "இது இருக்கிறதா? அது இருக்கிறதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, "இல்லை" என்ற பதிலுக்காகவும் நின்று காத்திருக்கிறது.