கழலாச் செருப்பு

சாலைகளில் கல்லைவிட முள் அதிகமாகக் கிடந்த ஒரு காலம். ராஜாவின் காலில் முள் தைத்தாலே அரண்மனை முழுக்க ஊசி தேடி ஓடுவார்கள் என்றால், மற்றவர்கள் பாட்டைச் சொல்ல வேண்டுமா? அந்தக் காலத்தில் கொங்கு நாட்டில், வேலங்காட்டூர் என்ற ஊரில், சேந்தன் என்று ஒரு வண்டிக்காரன் இருந்தான். அவனிடம் ஒரு வண்டி இருந்தது. மயிலை ஒன்றும் செவலை ஒன்றுமாக இரண்டு காளைகள் இருந்தன. இவை போதாதென்று ஒருநாள் ஒரு யோசனையும் வந்து சேர்ந்தது.

அது வந்த விதத்தைக் கேளுங்கள். மழை விட்டதும் வண்டிச் சக்கரம் சேற்றில் மாட்டிக்கொண்டது. சேந்தன் இறங்கித் தள்ளினான். சக்கரம் வெளியே வந்தது, அவன் செருப்பு சேற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது. அடுத்த அடியில் குதிகாலில் முள். வலியோடு உட்கார்ந்தவன் கண்ணில் காளைகளைப் பூட்டியிருந்த தோல் வார் பட்டது. எந்த மாடாவது தன் வாரைச் சேற்றில் விட்டுவிட்டு வந்ததுண்டா? இல்லை. அப்படியானால் செருப்பையும் காலில் பூட்டிவிட்டால் என்ன?

பூட்டினான். தடித்த தோலில் அடிப்பாகம், அதிலிருந்து இரண்டு நீள வார்கள், அவை கெண்டைக்கால் வரை பின்னிப் பின்னி ஏறி, முழங்காலுக்குக் கீழே இறுக்கமான ஒரு முடிச்சு. போட்டுக்கொண்டு ஊர் ஊராக வண்டி ஓட்டினான். சேற்றில் இறங்கினான், ஆற்றில் இறங்கினான், முள்காட்டில் இறங்கினான். செருப்பு அசையவில்லை. 'கழலாச் செருப்பு' என்று பெயரும் வைத்தான்.

பிறகு செய்ததுதான் பெரிய காரியம். செக்கு வைத்திருந்த வேலப்பரிடம் காளைகளை விற்று, அந்தப் பணத்துக்கு வீடு கொள்ளாத தோல் வாங்கிப் போட்டான். தேர்த் திருவிழா முடிவதற்குள் விலையைத் திருப்பிக் கொடுத்தால் காளைகள் அவனுக்கு, இல்லாவிட்டால் செக்குக்கே என்று பேச்சு. அவன் மனைவி பூவாத்தா, யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் செய்கிறானா என்று விசாரித்தாள். முள் குத்தாத கால் ஊரில் எது, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று அவன் சிரித்தான்.

முதல் சந்தைக்குக் கடை விரித்தான். தயிர்க்கார மாராயி வந்தாள். கைராசிக்காரி என்பதால் ஒரு கிண்ணம் தயிருக்கே முதல் போணியை அவளிடம் செய்தான். அதன்பின் வந்த கூட்டம் கொஞ்சமில்லை. கட்டிப் பார்த்தார்கள், குதித்துப் பார்த்தார்கள், நல்லா இருக்குது என்றார்கள். கடைசியில் எல்லோரும் கழற்றி வைத்துவிட்டு, "போயிட்டு வர்றனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சேந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்களே, வரும்போது செருப்பு இல்லாவிட்டால் மரியாதையா? விழுந்து விழுந்து தைத்தான். இரண்டாம் சந்தையிலும் புகழ்ந்தார்கள், வர்றேன் என்றார்கள். இன்னும் தைத்தான். மூன்றாம் சந்தையிலும் அதே கதை. வீட்டில் படுக்க இடமில்லாமல் பூவாத்தா பாயை வாசல் திண்ணையில் விரித்தாள்.

சிரிக்காதீர்கள். நம்மில் யாராவது ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போகிறேன்' என்று சொன்னதுண்டா? சொன்னால் அபசகுனம். பல் பிடுங்கிய வைத்தியரிடம்கூட 'வர்றேன்' என்றுதான் சொல்லிவிட்டு வருகிறோம். இது சேந்தனுக்கும் தெரியும், அவனும் தினமும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் ஆசைப்பட்ட காதுக்கு எல்லாம் வாக்குறுதியாகவே கேட்டது.

தேர் நெருங்கியது. ஒருநாள் செக்கைத் தாண்டிப் போனபோது, சுற்றிக்கொண்டிருந்த செவலை அவன் குரல் கேட்டு நின்றுவிட்டது. செக்கு ஓட்டுகிற ஆள் அதட்டிய பிறகுதான் நகர்ந்தது. சேந்தன் திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தான். வீட்டுக்கு வந்து, ஜனங்களுக்கு நாணயமில்லை, வர்றேன் என்கிறார்கள், வருவதில்லை என்று புலம்பினான்.

பூவாத்தா முறத்தைக் கீழே வைத்தாள். "வர்றேன்னவங்க கிடக்கட்டும் மாமா. வாங்கிட்டுப் போனது ஒரே ஒருத்தி. அந்த மாராயக்கா பின்னால ஒரு நாளாச்சும் போய்ப் பாத்தீங்களா?"

மறுநாள் காலையில் சேந்தன் போனான். மாராயி தலையில் தயிர்ப்பானையோடு, காலில் கழலாச் செருப்போடு புறப்பட்டாள். நடை ஜோராக இருந்தது. முதல் வீடு வந்தது. யாரும் செருப்புக் காலோடு வாசல்படி தாண்டுவதில்லையே. அவள் பானையை இறக்கி வைத்தாள், உட்கார்ந்தாள், முடிச்சை அவிழ்த்தாள், வாரைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள், பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்து மறுபடியும் பானையை இறக்கி, வாரைச் சுற்றிக் கட்டி, பானையைத் தூக்கிவிட ஆள் தேடினாள். இரண்டாவது வீட்டில் உள்ளே போகாமல் வாசலிலிருந்தே கூப்பிட்டாள். கையில் மாவோடு இருந்த வீட்டுக்காரி, உள்ளே வந்து ஊற்றாவிட்டால் தயிரே வேண்டாம் என்றுவிட்டாள். மூன்றாவது வீட்டில் கழற்றியவள் பிறகு போட்டுக்கொள்ளவே இல்லை. செருப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முள்ளுக்குப் பார்த்துப் பார்த்து வெறுங்காலோடு நடந்தாள்.

சேந்தனால் தாங்க முடியவில்லை. ஓடிப்போய் முன்னால் நின்றான். மாராயி திடுக்கிட்டாலும் சமாளித்துக்கொண்டாள்.

"செருப்பு நல்லாத்தானுங்க இருக்குது தம்பி," என்றாள். "வீடுதான் கொஞ்சம் அதிகமா இருக்குது."

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டான். அவன் அத்தனை ஆசையாகக் காட்டும்போது அந்த முகம் வாடும்படி எப்படிச் சொல்வது என்று அவள் திருப்பிக் கேட்டாள். ஊரே அப்படி நினைத்துத்தான் சொல்லாமல் போயிருக்கிறது.

சேந்தன் அந்த வேலியோரமே உட்கார்ந்து தன் காலைப் பார்த்தான். அது வண்டிக்காரன் கால். காலையில் வண்டியில் ஏறினால் சாயங்காலம்தான் ஒரு வாசல்படியைப் பார்க்கும். அந்தக் காலுக்குத்தான் அவன் செருப்பு செய்திருக்கிறான், விற்க நினைத்ததோ ஊரில் உள்ள மற்ற எல்லாக் கால்களுக்கும். வெட்கமாக இருந்தது, கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

அதன்பிறகு அவன் யாரிடமும் நல்லா இருக்குதா என்று கேட்கவில்லை. கோயில் வாசலில் போய் உட்கார்ந்து, வருகிறவர்கள் கால்களையே பார்த்தான். யாரும் குனியவில்லை. ஒரு காலின் விரலால் மறு காலின் செருப்பை அழுத்தி, நடக்கிற நடையிலேயே உதறிவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்துப் புதிதாக ஒரு ஜோடி தைத்து மாராயியிடம் கொடுத்து, பானையை இறக்காமல் ஒரு வீட்டுக்குள் போய்வரச் சொன்னான். வாசலில் குதிகால் வார் மாட்டிக்கொண்டது. மாற்றித் தைத்தான். இந்த முறை செருப்பு வாசலில் சட்டென்று கழன்றது, சேற்றிலும் சட்டென்று கழன்றது. மறுபடியும் மாற்றினான். கட்டை விரலுக்கு ஒரு வளையம், மேலே அகலமாக ஒரு பட்டை, குதிகாலில், மறு காலின் விரலால் அழுத்தினால் தாழ்கிற ஒரு மெல்லிய வார். மாராயி சேற்றில் நடந்தாள், செருப்பு கூடவே வந்தது. வாசலுக்கு வந்தாள், பானை தலையிலேயே இருக்க, செருப்பு ஒரே அழுத்தில் கழன்று நின்றது. அவள் ஒரு பாராட்டும் சொல்லவில்லை. வேலையைப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சேந்தனுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் வேறில்லை.

தேர்த் திருவிழாவும் வந்தது. போட்டுப் பார்த்தவர்கள் கழற்றி வைக்காமல் அப்படியே நடந்து போனார்கள். "போயிட்டு வர்றனுங்க" என்றார்கள், அண்ணன் தம்பி, மாமன் மச்சானையெல்லாம் கூட்டிக்கொண்டு நிஜமாகவே வந்தார்கள். தேர் நிலைக்குத் திரும்பும் முன்பே மயிலையும் செவலையும் சேந்தன் வீட்டுத் தொழுவத்துக்குத் திரும்பிவிட்டன. செவலை அவன் தோளை நக்கியபோது அவன் அழுதுவிட்டான்.

பழைய குவியல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடிப்பாகமெல்லாம் புதுச் செருப்பாயிற்று. நீள வார்களைப் பூவாத்தா பிரித்தெடுத்துக் காளைகளுக்கே பூட்டிவிட்டாள். காளைகள் மறுபேச்சுப் பேசவில்லை, அவை எந்த வாசலிலும் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லையே.

ஆகவே, புதிதாகக் கடை விரிக்க நினைப்பவர்கள், வாங்குகிறவர் வாயால் சொல்வதைக் கேட்டதோடு நிற்காமல், அவர் கால் போகிற வழியெல்லாம் கூடப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சரக்கைச் செய்ய வேண்டும்.