சிலேட்டுச் சாமி பேசிய அன்று

"ஏனுங்க சாமி, இந்த ஜனங்க எல்லாம் இப்ப ஏன் வாய்க்குள்ளயே பேசறாங்க?"

கேட்டவர் நாச்சிமுத்து. ஆற்றங்கரை மடத்துச் சீடர். அறுபத்தேழு வயது.

சாமி சிலேட்டை எடுத்து, பலப்பத்தால் எழுதினார்: "எல்லாருமா?"

"ஆமாங்க, மொத்தப் பேரும். பால்காரன் முதக்கொண்டு ஒருத்தன் வாயத் தொறந்து பேசறதில்லீங்க. காலம் கெட்டுப் போச்சுங்க சாமி."

சாமி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிலேட்டைத் துடைத்துவிட்டார்.

*

சாமிக்கு ஐம்பத்தைந்து வயதுதான். சீடர்தான் மூத்தவர். மடத்தில் வயதை யார் பார்க்கிறார்கள்?

பெண்டாட்டி போன துக்கத்தில், பஸ் கண்டக்டர் வேலையை விட்டுவிட்டு, ஒரு பையோடு மடத்துக்கு வந்தவர் நாச்சிமுத்து. சாமி பன்னிரண்டு வருஷ மௌனம் எடுத்து அன்றைக்கு எட்டாம் நாள்.

எட்டே நாள்! பத்து நாள் முந்தி வந்திருந்தால் சாமியின் குரலைக் கேட்டிருப்பார். அந்தக் குறை அவருக்கு உண்டு. சோறு தின்னும்போதும் இருந்தது, படுக்கும்போதும் இருந்தது. வேறு ஆசை ஒன்றும் அவருக்கு இல்லை. ஒருமுறை சாமி பேசிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்காகப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தார்.

மடத்து வேலை இப்படி நடந்தது. ஜனங்கள் வந்து சாமி முன்னால் உட்கார்ந்து குறையைச் சொல்வார்கள். சாமி சிலேட்டில் இரண்டு வரி எழுதுவார். நாச்சிமுத்து அதை வாங்கி, கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி படிப்பார். கண்டக்டர் தொண்டை ஆயிற்றே.

ஜனங்கள் சொல்வது அவருக்குக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும்.

கேட்கவும் இல்லை.

முழுச் செவிடு என்று சொல்ல முடியாது. ஐந்தாறு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. சத்தம் கேட்கும், பேச்சு பிடிபடாது. பெண்கள் குரலும் பிள்ளைகள் குரலும் முதலில் போயின. நாலு பேர் கூடினால் எல்லாம் ஒரே இரைச்சல். தன் குரலை மட்டும் வருஷத்துக்கு வருஷம் ஏற்றிக்கொண்டே போனார். பக்தி முற்றுகிறது என்று ஜனங்கள் சொன்னார்கள்.

பேசாத குருவுக்கும் கேட்காத சீடருக்கும் அப்படி ஒரு பொருத்தம். ஜாதகம் பார்த்துக் கட்டி வைத்தாலும் இப்படி அமையாது.

*

ஆவணிப் பௌர்ணமி அன்று மௌனம் முடிந்தது.

பந்தல் போட்டிருந்தார்கள். நாலு ஊர் ஜனம். சாமி என்ன பேசப்போகிறார் என்று ஒருவரும் மூச்சு விடவில்லை. நாச்சிமுத்து சாமிக்கு இடப்பக்கம் நின்றார். வேட்டி புதிது.

சாமி எழுந்தார். கூட்டத்தைப் பார்க்கவில்லை. இடப்பக்கம் திரும்பினார். உதடு அசைந்தது.

நாச்சிமுத்துவுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி ஒரு முனகல் கேட்டது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

கூட்டத்தில் யாரோ கண்ணைத் துடைத்தார்கள். எல்லோரும் நாச்சிமுத்துவையே பார்த்தார்கள். சாமியும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என்ன செய்வார் மனுஷன்? பன்னிரண்டு வருஷப் பழக்கம் கை கொடுத்தது. தலையைப் பெரிதாக ஆட்டினார். சாமி காலில் விழுந்து எழுந்தார். கூட்டத்தின் பக்கம் திரும்பி, தொண்டையைத் திறந்தார்.

"சாமி எல்லாரையும் ஆசீர்வாதம் பண்ணிட்டாங்க! பந்தி தயாரா இருக்குது, தள்ளாம வரிசையில வாங்க!"

கூட்டம் ஒரு நிமிஷம் திகைத்தது. அப்புறம் ஒரு கிழவர் வந்து நாச்சிமுத்துவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். இன்னொரு அம்மாள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நாச்சிமுத்து எல்லாருக்கும் தலையாட்டினார்.

பந்தியில் சோறு போடும்போதெல்லாம் அதே நினைப்பு. காத்திருந்த குரல் வந்து, எல்லாருக்கும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறது. தனக்கு மட்டும் கேட்கவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? தலையாட்டிய பிறகு எந்த முகத்தோடு கேட்பது?

*

மறுநாள் சிலேட்டைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், சமையற்கட்டில் தண்ணீர்ப் பானைக்கு மூடியாக இருந்தது.

"சாமி, சிலேட்டு இங்க கெடக்குதுங்க!"

சாமி வாசற்படியில் உட்கார்ந்து என்னவோ சொன்னார்.

"ஆமாங்க," என்றார் நாச்சிமுத்து.

சாமி இன்னொன்று சொன்னார்.

"சரீங்க சாமி. அப்படியே பண்ணிரலாங்க."

சமையல் செய்யும் ரங்கம்மா கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு அவர் காதருகே வந்து, ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்.

"ஏனுங்க! 'நான் போயி ஆத்துல உளுந்துரட்டுமா'ன்னு சாமி கேக்கறாங்க. நீங்க அப்படியே பண்ணிரலாங்கறீங்க!"

நாச்சிமுத்து நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சாமி, எனக்குக் காது கேக்கறதில்லீங்க."

சாமி வாசற்படியில் இவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அஞ்சாறு வருஷமாவே இல்லீங்க. வெளிய சொன்னா, கெழவனுக்குக் காது போச்சு, இனி இவனை ஓரமா உக்கார வைங்கன்னு சொல்லிருவாங்களோன்னு பயம். நேத்து நீங்க பேசினதும் கேக்கலீங்க சாமி. அதுக்குத்தானுங்க பன்னெண்டு வருஷமா இருந்தேன். கேக்கவே இல்லீங்க."

அழுதார். அறுபத்தேழு வயதில், சமையற்கட்டு வாசலில், மூக்கு ஒழுக அழுதார்.

பிறகு பானை மேலிருந்த சிலேட்டை எடுத்து, வேட்டியில் துடைத்து, சாமி முன்னால் நீட்டினார்.

"எழுதிக் காட்டிருங்க. அது போதுமுங்க எனக்கு."

சாமி சிலேட்டை வாங்கினார். மறுபடியும் பானைமேல் வைத்தார்.

"நான் சொல்றேனுங்க," என்று ரங்கம்மா வாயைத் திறந்தாள். சாமி விரலைத் தூக்கினார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சாமி தன் காதைத் தொட்டுக் காட்டினார். பஸ் போகிற ரோட்டைக் காட்டினார். அவ்வளவுதான். எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

நாச்சிமுத்துவுக்கு வந்ததே கோபம்! ரெண்டு வரி எழுதிக் காட்டினால் இவருக்கு என்ன கை வலித்துவிடுமா? மூன்று நாள் சாமி முகத்தைப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் பஸ் ஏறினார்.

*

டவுனில் காது ஆஸ்பத்திரி. கூடப் பழகினவர் ஒருவரையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். ரங்கம்மாவை அழைத்துப் போனார்.

காது பரிசோதிக்கும் பெண்ணுக்கு நஸ்ரீன் என்று பெயர். சின்ன அறை, தடிமனான கதவு. காதில் ஒன்றை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்கச் சொன்னாள்.

நாச்சிமுத்து பழைய கண்டக்டர் இல்லையா? ஸ்டாப்புக்கு ஸ்டாப் விசில் அடிக்கிற மாதிரி, ஒரு ஒழுங்காக அமுக்கிக்கொண்டே வந்தார்.

நஸ்ரீன் உள்ளே வந்து அவர் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னாள்.

"ஐயா, நான் இன்னும் சத்தமே வைக்கலீங்க."

ரங்கம்மா வெளியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டாம் தடவை ஒழுங்காக நடந்தது. நஸ்ரீன் ஒரு தாளைக் காட்டினாள். கோடு மேலே ஆரம்பித்து, சரிந்து கீழே இறங்கியிருந்தது.

"கனமான சத்தம் உங்களுக்குக் கேக்குதுங்க ஐயா. மெலிசான சத்தம்தான் விட்டுப் போச்சு. அதனாலதான் பேசறது கேக்கும், என்ன பேசறாங்கன்னு தெரியாது. வயசானா நெறையப் பேருக்கு இப்படித்தான் ஆகும்."

நாச்சிமுத்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, ஜனங்க வாய்க்குள்ள பேசலீங்களா?"

"இல்லீங்க ஐயா."

நாச்சிமுத்து தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வெளிய தெரியாத மாதிரி மிஷின் இருக்குதுங்களா?"

இருந்தது. மொச்சைக் கொட்டை அளவு. காதுக்குள்ளேயே போய்விடும். நஸ்ரீன் அதை அவர் உள்ளங்கையில் வைத்து, பேட்டரியை மாற்றிக் காட்டச் சொன்னாள். தடித்த விரல். பேட்டரி நழுவி விழுந்தது. மூன்று பேரும் மேஜைக்கு அடியில் தவழ்ந்து தேடினார்கள்.

"இது உங்க விரலுக்கு ஆகாதுங்க. உங்க காதுக்கும் இதோட பலம் பத்தாது. காதுக்குப் பின்னால மாட்டறது இருக்குது பாருங்க, இது சரிப்படும். செல்போன் மாதிரி சார்ஜ் போட்டுக்கலாம்."

"எல்லாருக்கும் தெரியுமே, கண்ணு."

ரங்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாத்தீங்க. ஆரு வீட்டுல அது மறைஞ்சுது? பந்தல்ல நீங்க முழிச்ச முழிய விடவா இது அசிங்கம்?"

"ஒரு காதுக்கு மட்டும் போட்டாப் பத்தாதா?"

"ரெண்டு காதும்தானே எறங்கியிருக்குதுங்க. ஒண்ணுல மட்டும் போட்டா, ரோட்டுல வண்டி எந்தப் பக்கம் வருதுன்னு தெரியாது."

நஸ்ரீன் மாவு மாதிரி ஒன்றைக் காதுக்குள் வைத்து அச்சு எடுத்தாள். பத்து நாள் கழித்து வரச் சொன்னாள்.

"இன்னொண்ணு ஐயா. மொதல்ல எல்லாச் சத்தமும் மேல வந்து விழற மாதிரி இருக்கும். பாத்திரச் சத்தம், காத்தாடிச் சத்தம், எல்லாமே. சலிச்சுக்கிட்டுக் கழட்டிரக் கூடாது. தெனமும் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுப் பழகணும். பெட்டிக்குள்ள வெச்சுட்டா, பெட்டிக்குத்தான் கேக்கும்."

*

பத்தாம் நாள். இரண்டு காதிலும் மாட்டியாயிற்று.

நஸ்ரீன் ரங்கம்மாவை அவருக்குப் பின்னால் நிற்க வைத்தாள். "ஏதாச்சும் பேசுங்கம்மா. கத்த வேண்டாம். எப்பவும் போல."

ரங்கம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"ஏழு வருஷமாத் தெனமும் சோறு போட்டுட்டு, உப்புப் போதுமான்னு கேக்கறேன். இந்த மனுசன் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை."

நாச்சிமுத்து திரும்பினார்.

"போதும் ரங்கம்மா. எல்லா நாளும் போதுமாத்தான் இருந்துது. நல்லாவும் இருந்துது."

ரங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாச்சிமுத்து தன் குரலைத் தானே கேட்டுத் திடுக்கிட்டார். "நான் இத்தனை சத்தமாவா பேசறேன்?"

"பக்கத்து ஊருக்கே கேக்குமுங்க," என்றாள் ரங்கம்மா.

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னோமுங்க."

அவர் கையெடுத்து நஸ்ரீனைக் கும்பிட்டார். பேத்தி வயதுப் பெண். அவள் பதறிப்போய் எழுந்துவிட்டாள். "நீ நல்லா இருக்கோணும் கண்ணு," என்றார். இந்த முறை சின்னக் குரலில்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஹாரன் அடித்த அடியில் மிஷினைக் கழற்றி ஆற்றில் வீசிவிடலாம் போல் இருந்தது. பக்கத்து சீட்டில் பாலித்தீன் பை சரசரத்தது மண்டைக்குள் சரசரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். பக்கத்திலேயே ரங்கம்மா. பந்தலில் சாமி பேசியது அத்தனையும் அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடுவாள்.

அவர் கேட்கவில்லை.

*

மடத்துக்கு வந்தபோது சாமி சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். முதுகு இந்தப் பக்கம்.

நாச்சிமுத்து பத்தடி தள்ளியே நின்றார்.

"சாமி, அன்னைக்குப் பந்தல்ல என்னங்க சொன்னீங்க?"

சாமி திரும்பவில்லை. தட்டைக் கழுவிக்கொண்டே பேசினார்.

இடி மாதிரி இருக்கும் என்று பன்னிரண்டு வருஷமாக நினைத்திருந்தார் நாச்சிமுத்து. கோயில் மணி மாதிரி இருக்கும் என்று சில நாள் நினைத்தார். அதெல்லாம் ஒன்றும் இல்லை. மெலிசான குரல். கொஞ்சம் சளி பிடித்த குரல். சந்தையில் தேங்காய் விற்கிறவர் யாரும் பேசக்கூடிய குரல்.

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"அண்ணா, ஊரெல்லாம் வந்து எங்கிட்டக் கேட்டாங்க. அத்தனை பேருக்கும் நான் எழுதினதை நீங்கதான் படிச்சீங்க. நீங்க மட்டும் உங்களுக்குன்னு ஒண்ணும் கேட்டதில்லை. அதனால மொதப் பேச்சு உங்ககூடத்தான் பேசணும்னு வெச்சிருந்தேன். உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டேன்."

சாமி தட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"நீங்க பந்தி போடப் போயிட்டீங்க."

உள்ளே ரங்கம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. அதுவும் கேட்டது.

சாமி ஈரக் கையோடு திரும்பினார்.

"இப்பச் சொல்லுங்கண்ணா. என்ன வேணும்?"

நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"இப்பத்தானுங்க சாமி குடுத்தீங்க."