எல்லாச் சேனலும் என்றால் எல்லாம்தான்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தில்லைநாயகம் என்று ஒரு மேனேஜர் இருந்தார். அவர் உள்ளே நுழைந்தால் மின்விசிறிகூடப் பயந்து மெதுவாகச் சுற்றும். ஒருநாள், ஒப்பந்த வேலையில் இருந்த புரோகிராமர் மலர்க்கொடியைக் கூப்பிட்டார்.

"ஆபீஸ் செயலியில சாட்பாட் சேர்க்கறியே, அது எல்லாச் சேனலையும், அதான் எல்லா அரட்டைக் குழுவையும், படிக்கணும். ஸ்டாஃப் தனியா வச்சிருக்கறதையும்தான். யார் என்ன பேசறாங்கன்னு கேட்டா சொல்லணும்."

"அது தப்பில்லையா சார்?"

"முடியாதுன்னா நாளையிலருந்து வேலைக்கு வராதே."

"முடியும் சார். எல்லாச் சேனலும்தானே?"

"எல்லாமே!"

அவர் சொன்னபடியே மலர்க்கொடி புரோகிராமில் ஒரு வரி எழுதினாள்.

மறுநாள் ஊழியர்கள் கூடியிருக்க, முதலாளி கோதைநாயகி அம்மாள் முன்னால் வெள்ளோட்டம். "என்ன வேணும்னாலும் கேளுங்கம்மா, சொல்லும்!" என்று மீசையைத் தடவினார் தில்லைநாயகம்.

"மேனேஜர்களுக்குன்னு தனியா ஒரு சேனல் இருக்கும்மா," என்றாள் மலர்க்கொடி. "அதுல உங்களைப் பத்தி என்ன பேசிக்கறாங்கன்னு கேளுங்களேன்."

அம்மாள் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் தில்லைநாயகம் பாய்ந்துபோய்த் திரையை மறைத்தார். "ஐயோ, வேண்டாம்மா! அது நாங்க தனியாப் பேசறது!"

"நாங்களும் தனியாத்தான் சார் பேசறோம்," என்றாள் மலர்க்கொடி.

கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. அம்மாளாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"தன்னைக் கூப்பிடற சேனலுக்கு மட்டும் அது வந்தாப் போதும். மாத்த எவ்வளவு நேரமாகும்மா?" என்று மலர்க்கொடியிடம் கேட்டார்.

மலர்க்கொடி தன் லேப்டாப்பை மூடினாள்.

"சார் பாயும்போதே மாத்திட்டேம்மா."